புதுப்பிப்பு: மீன் தொட்டி அறையில் சுவர்ப் பூஞ்சணம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் மீன் தொட்டிகள் வைத்திருக்கும் அறையில் சுவரெல்லாம் கரும்பூஞ்சணம், பிளீச் அடிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பிளீச் பக்கமே போகவில்லை. ஏர் பம்ப் அறைக்காற்றை இழுத்துத்தான் தண்ணீருக்குள் விடுகிறது. அறையில் எதைத் தெளித்தாலும் அது மீனுக்குப் போய்ச் சேரலாம்.

மருந்துக்கடையில் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கினேன். அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். ஆனாலும் தொட்டிக்குள் சிந்தக் கூடாது. ஜன்னலைத் திறந்து, ஏர் பம்பை நிறுத்தி, தொட்டிகளைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, மாஸ்க் போட்டுக்கொண்டு, நனைத்த துணியால் சுவரை ஒற்றி, ஊறவிட்டுத் துடைத்தேன். காய்ந்த பூஞ்சணத்தைத் தேய்க்காதீர்கள், வித்துகள் பறக்கும். பம்ப் நின்றால் மீன்களுக்கு மூச்சு முட்டும் என்பதால் பகுதி பகுதியாகவே செய்தேன்.

அப்புறம், காரணம். அது தெற்குப் பார்த்த வெளிச்சுவர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் நம் ஊரில் அந்தப் பக்கம் வெயில் சரியாகப் படாது. வெதுவெதுப்பான தொட்டிகளின் ஆவி அந்தக் குளிர்ந்த சுவரில் படிந்துகொண்டே இருந்தது. இப்போது கண்ணாடி மூடி போட்டு, தொட்டிகளைச் சுவரைவிட்டுத் தள்ளி வைத்திருக்கிறோம். ஈரப்பதம் 60%க்குக் கீழே நிற்கிறது.

வினிகரையும் பிளீச்சையும் கலந்து அடிக்கச் சொன்ன அண்ணனுக்கு: வேண்டாம் அண்ணா, குளோரின் வாயு வரும். மீனுக்கு மட்டுமல்ல, நமக்கும் ஆபத்து.