ஆண்டி சுனையில் திரும்பியது

குழு: பெரிய வீடு

சனி, இரவு

8.52 நான்: வெள்ளியங்கிரி மலை அடிவாரம், பூண்டி வந்துவிட்டோம். காந்திபுரத்தில் ஏறியதில் இருந்து ஆலாந்துறை வரை நின்றுகொண்டேதான் வந்தோம். இப்போது வனத்துறைக்காரர்கள் பையைச் சோதிக்கிறார்கள், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டார்கள், தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கினார்கள், பாட்டிலைத் திரும்பக் காட்டினால்தான் காசு.

8.54 அம்மா: ஸ்வெட்டர் எடுத்தாயா கண்ணு

8.54 நான்: எடுத்தேன் அம்மா

8.55 அம்மா: உன்னோடு வருகிற அந்தப் பையன்?

8.57 நான்: ஜீன்ஸும் டிஷர்ட்டும். மே மாதத்தில் எவனாவது ஸ்வெட்டர் போடுவானா என்கிறான்.

9.03 பெரியப்பா: ஆளுக்கு ஒரு மூங்கில் தடி வாங்குங்கள். ஏறும்போது எதற்கு இந்தச் சுமை என்றுதான் இருக்கும், இறங்கும்போது தெரியும்.

9.10 அத்தை: இங்கே வடவள்ளியில் மொட்டை மாடியில் நிற்கிறேன், மேற்கே மின்னுகிறது. பார்த்துப் போங்கள் சாமி.

11.38 நான்: வெள்ளை விநாயகர் கோயில். முதல் மலைக்கே நாக்கு வெளியே வந்துவிட்டது. படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், இரண்டு ஒரே அளவில் இல்லை. இவன் வேர்வையில் குளித்துவிட்டான். சுக்குக் காபி குடிக்கிறோம். வானத்தில் நட்சத்திரம் நன்றாகத் தெரிகிறது அத்தை, பயப்படாதீர்கள்.

11.41 அண்ணி: நெஞ்சு படபடத்தால் உட்கார்ந்துவிடுங்கள் தம்பி, ஒவ்வொரு சீசனிலும் மலையேறும்போது மூச்சுத் திணறி இறந்தார் என்று செய்தி வருகிறது. போட்டி போட்டு ஏற வேண்டாம்.

11.42 அம்மா: இதை ஏன் இப்போது எழுதுகிறாய்

ஞாயிறு, விடியற்காலை

3.16 நான்: யாராவது முழித்திருக்கிறீர்களா? ஆறாவது மலை, ஆண்டி சுனை கிட்ட இருக்கிறோம். ஒரு மணி வரை காற்றுகூட இல்லை, அப்புறம் மூடுபனி ஏறி வந்தது பாருங்கள், டார்ச் அடித்தால் வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கிறது, முன்னால் போகிறவரின் முதுகு தெரியவில்லை. பத்து நிமிடத்தில் மழை. கடைக்காரர் ஒருவரின் தார்ப்பாய்க்குள் இருபது பேர் ஒடுங்கி நிற்கிறோம். சாமி இருக்கிற ஏழாவது மலைக்கு இப்போதே போகலாம் என்கிறான் இவன்.

3.19 பெரியப்பா: முழித்துத்தான் இருக்கிறேன். இடி இருக்கிறதா?

3.20 நான்: இருக்கிறது. மின்னி பன்னிரண்டு எண்ணினால் சத்தம்.

3.22 அண்ணன்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். அப்படியென்றால் நாலு கிலோமீட்டரில் இருக்கிறது. ஏழாவதில் மரம் கிடையாது, வெறும் புல்லும் பாறையும், அங்கே நீங்கள்தான் உயரமான பொருள். போகாதே.

3.29 நான்: இப்போது ஏழு எண்ணினேன்

3.29 அண்ணன்: அங்கேயே இரு.

3.31 அத்தை: சிவ சிவா

3.44 நான்: சிலர் நமச்சிவாய சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இவன் இப்போது போகலாம் என்று சொல்வதை நிறுத்திவிட்டான், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பல் தந்தியடிக்கிறது, பேசினால் வார்த்தை குழறுகிறது. ஜீன்ஸ் நனைந்து பலகை மாதிரி ஆகிவிட்டது.

3.46 அண்ணன்: ஆயிரம் மீட்டர் ஏறினாலே ஆறேழு டிகிரி குறையும், மேலே காற்று, ஈரத் துணி. முதலில் டிஷர்ட்டைக் கழற்றி உன் ஸ்வெட்டரை அவனுக்குப் போடு. சூடாக ஏதாவது இனிப்பாகக் குடிக்க வை. இடி தள்ளிப் போனதும் மேலே இல்லை, கீழே.

3.47 அம்மா: நீ எதைப் போடுவாய்

3.52 நான்: மேலே குப்பைப் பை போட்டிருக்கிறேன் அம்மா. ஓட்டை போட்டுத் தலையை விட்டிருக்கிறேன். சார்ஜ் 6 சதவீதம். இறங்கியதும் சொல்கிறேன்.

காலை

10.21 நான்: அடிவாரம். இருவரும் நன்றாக இருக்கிறோம். ஐந்து மணிக்கு இடி நின்றதும் இறங்க ஆரம்பித்தோம். வழுக்குப்பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தோம், பெரியப்பா சொன்ன தடி இல்லை என்றால் எலும்புதான். கொடுமை என்னவென்றால் ஆறரைக்குத் திரும்பிப் பார்த்தால் ஒரு மேகம் இல்லை, ஏழாவது மலை வெயிலில் பளிச்சென்று நிற்கிறது. அந்தத் தார்ப்பாயிலேயே இருந்தவர்கள் எல்லாம் தரிசனம் முடித்து எங்களைத் தாண்டி இறங்கினார்கள்.

10.24 அத்தை: ஆண்டி சுனை வரை போய் சாமியைப் பார்க்காமல் திரும்பலாமா, இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கக் கூடாதா

10.26 அண்ணி: அத்தை, அந்தப் பையன் விறைத்துப் போயிருந்தான் அத்தை

10.31 பெரியப்பா: எனக்கும் ஒரு தடவை இதே இடத்தில்தான் ஆனது. நான் திரும்பவில்லை, மேலே போனேன். குகை வாசலில் நின்று என்ன கும்பிட்டேன் என்றுகூட நினைவில்லை, நடுங்கியது மட்டும்தான் நினைவிருக்கிறது. இதை உங்கள் பெரியம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை.

10.32 பெரியம்மா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்

10.40 நான்: இங்கே இன்னொரு சண்டை. இவன் பாட்டில் மலையில் எங்கேயோ உருண்டு போய்விட்டது, முன்பணத்தைக் கேட்டு வாதாடிக்கொண்டிருக்கிறான். என் ஸ்வெட்டரைக் கழற்றவும் மாட்டேன் என்கிறான்.

10.41 அம்மா: வாதாடுகிறான் என்றால் தெம்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் நேராக இங்கே வாருங்கள், ரசம் வைக்கிறேன். தடியை வாசலிலேயே வைக்கச் சொல், நேற்றுத்தான் வீடு துடைத்தேன்.

10.43 நான்: அவன் தடியை வீட்டுக்குக் கொண்டுபோகிறானாம் அம்மா. அடுத்த வாரமும் சீசன் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்கிறான்.

10.43 அம்மா: உன் தடியை அங்கேயே கொடுத்துவிட்டு வா