பிள்ளையின் காதும் ஏஐ சொன்ன பதிலும்: எங்கள் அனுபவங்கள்

என் மகனுக்கு ஐந்து வயது. போன ஆடி மாதம் முதல், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவான். பாடத்தில் கவனமில்லை என்று ஆசிரியையும் எழுதி அனுப்பியிருந்தார். அன்று இரவு ஏஐ சாட்பாட்டிடம், "பையன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, கவனமும் இல்லை, என்ன செய்வது?" என்று கேட்டேன். செல்போன் நேரத்தைக் குறையுங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்று பதில் வந்தது. ஒரு மாதம் அப்படியே நடந்தேன். அந்த மாதத்தில் அவனைத் திட்டியதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் எடுத்த எடுப்பில் காதைப் பற்றிக் கேட்கவில்லை. "வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா? குறட்டை உண்டா?" என்றார். இரண்டும் உண்டு. செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி எடுத்தார்கள். நல்ல காதுக்குக் குன்று போல ஏறி இறங்க வேண்டிய கோடு, இரண்டு காதுக்கும் தட்டையாகக் கிடந்தது. மூக்கின் பின்புறம் அடினாய்டு சதை வீங்கி, நடுக்காதில் நீர் கோத்திருக்கிறது. வலியோ காய்ச்சலோ இல்லாததால் எனக்குத் தெரியவே இல்லை. பெரும்பாலும் தானாக வற்றிவிடும், மூன்று மாதம் பார்ப்போம் என்றார்.

வீட்டுக்கு வந்து நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அதே ஏஐ, மூன்று மாதக் காத்திருப்பு முதல் செவிப்பறையில் பொருத்தும் குரோமெட் குழாய் வரை சரியாக விளக்கியது. "காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா?" என்ற ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கக் கூடாதா? மூன்றாம் மாதச் சோதனையில் வலது காதில் குன்று திரும்பிவிட்டது. இடது காதுக்காகக் காத்திருக்கிறோம்.

*

எங்கள் மகளுக்கு டான்சில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை தொண்டையில் வெள்ளைப் படலத்தைப் பார்த்து, சீழ் என்று பதறிவிட்டோம். அது புண் ஆறும்போது படிவது, சீழ் அல்ல என்று ஏஐ சொன்னது. மறுநாள் மருத்துவரும் அதையே சொன்னார். அந்த நேரத்தில் அது பெரிய ஆறுதல்.

ஏழாம் நாள் இரவு எச்சிலில் புது இரத்தம். மறுபடி கேட்டேன். பதிலின் முதல் பத்தி குளிர்ந்த நீர் கொடுக்கச் சொன்னது. உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னது நாலாவது பத்தி. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி ஆட்டோவை அழைத்துவிட்டாள். படலம் உதிரும் 5 முதல் 10 நாள்களுக்குள் இரத்தம் வரலாம், கொஞ்சம் வந்தாலும் வந்துவிடுங்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதியிருந்தார்கள்.

*

நான் செவித்திறன் பரிசோதனை செய்பவள். ஏஐயிடம் கேட்டுவிட்டு வரும் பெற்றோர் தெளிவான கேள்விகளோடு வருகிறார்கள்; எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் கேட்கும்போது வயது, எத்தனை நாளாக, குறட்டை, சளி, பேச்சுத் தெளிவு எல்லாவற்றையும் எழுதுங்கள். காதுவலிக்கு வீட்டு வைத்தியம் கேட்ட ஒரு தாய்க்குப் பூண்டு காய்ச்சிய எண்ணெய் என்று பதில் வந்திருக்கிறது. அந்தக் குழந்தையின் செவிப்பறையில் ஓட்டை இருந்தது. காதுக்குள் எதையும் ஊற்றாதீர்கள். பிள்ளை மூக்கிலோ காதிலோ பட்டன் பேட்டரியைப் போட்டுக்கொண்டால் யாரிடமும் எதுவும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். சில மணி நேரத்தில் அது சதையை அரித்துவிடும். உடனே கிளம்புங்கள்.