படகு அவுட்போர்டு மோட்டார்ல கரகர சத்தம், காலைல கடலுக்குப் போகணும், அவசரம்

தொண்டிக்காரன்
மோட்டார்ல நேத்து சாயங்காலத்துலேர்ந்து கரகரன்னு சத்தம். ஸ்டார்ட் ஆகுது, ஓடுது, ஆனா சத்தம். எங்க மெக்கானிக் கல்யாணத்துக்கு வெளியூர் போயிட்டாரு, போனை எடுக்க மாட்டேங்குறாரு. நண்டு வலை கடல்ல கிடக்கு, விடியக்காலம் எடுத்தாகணும். என்னவா இருக்கும்? அப்படியே ஓட்டலாமா?

வாடைக்காத்து
எத்தனை ஹெச்பி? டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா? சத்தம் மேலேர்ந்து வருதா, தண்ணிக்குள்ளேர்ந்தா?

கரையோரம்
இம்பெல்லர்தான், மோட்டாரைக் குளிர வைக்க தண்ணி இழுக்குற பம்புச் சக்கரம். அந்தப் பக்கம் ஆழம் கம்மி, சேறும் பாசியும் இழுத்திருக்கும். பின்னாடி தண்ணி பீச்சுதான்னு பாருங்க. பீச்சலன்னா உடனே நிறுத்திடுங்க, சூட்டுல பிஸ்டன் பிடிச்சுக்கும்.

மூத்த_ஸ்ராங்கு
தம்பி, "சத்தம்"னு எழுதினா எங்களுக்குக் கேக்காது. நியூட்ரல்லயும் வருதா, கியர் போட்டா மட்டுமா? ராக்கெட் ஏத்தினா கூடுதா? எண்ணெய் என்ன? கியர் ஆயில் கடைசியா எப்ப மாத்தினது? இதையெல்லாம் எழுதிட்டு அப்புறம் அவசரம்னு தலைப்பு போடலாம். மாசத்துக்கு ஒருத்தர் இப்படியே வர்றீங்க.

வாடைக்காத்து
ராக்கெட்டா?

மூத்த_ஸ்ராங்கு
ரேஸ். போன் தானா மாத்திடுது.

டேங்க்_மாமா
நான் அடிச்சு சொல்றேன், மண்ணெண்ணெய். ஆக்டேன் கம்மி, லோடு ஏறினா உள்ள நாக்கிங். அதைத்தான் இவர் கரகரங்குறாரு. பெட்ரோல் மட்டும் போட்டுப் பாருங்க, சத்தம் போயிடும்.

வாடைக்காத்து
நாக்கிங் டக்டக்னு இரும்பைத் தட்டுற மாதிரி கேக்கும், கரகரன்னு இல்ல. அதுவும் மண்ணெண்ணெய் மாடலுக்கு கம்ப்ரஷனைக் குறைச்சுத்தான் செஞ்சிருப்பான். பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மாத்தி, கரைக்கு வர்றப்ப திரும்ப பெட்ரோலுக்கு வந்து, கார்புரேட்டர்ல கிடக்குறது தீர்ற வரைக்கும் ஓட்டி நிறுத்தினா ஒண்ணும் ஆகாது.

டேங்க்_மாமா
அப்படி நிறுத்துறவன் எத்தனை பேர்? கரையைக் கண்டா வீட்டு ஞாபகம் வந்துடும். எரிபொருள்ல கலக்குற டூ டி ஆயிலும் கண்ணளவுக்குத்தான் ஊத்துறானுங்க.

கரையோரம்
ஆயில் எவ்ளோ ஊத்தணும்? நான் லிட்டருக்கு 40 மில்லி.

வாடைக்காத்து
எரிபொருள் 50க்கு ஆயில் 1னு போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி. புது மோட்டாரை முதல்ல பழக்குறப்பதான் 25க்கு 1, அதாவது உங்க 40. எப்பவும் அப்படியே ஊத்தினா புகை, பிளக் கரி. மோட்டாரோட வந்த புத்தகத்துல என்ன இருக்கோ அதைப் பாருங்க.

டேங்க்_மாமா
புத்தகம் எழுதினவன் நம்ம மண்ணெண்ணெயைப் பார்த்திருக்கானா?

தொண்டிக்காரன்
9.9, டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெய் ஓட்டம். தண்ணி நல்லா பீச்சுது. நியூட்ரல்ல சத்தம் இல்ல, கியர் போட்டா முன்னயும் பின்னயும் வருது. முந்தாநாள் பழைய வலை ஒண்ணு பிராப்பலர்ல சுத்திச்சு, கத்தி வெச்சு அறுத்து எடுத்துட்டோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுன்னு நினைக்கிறேன், அன்னைக்கு நல்லாத்தான் ஓடுச்சு.

மூத்த_ஸ்ராங்கு
கிளட்ச் டாக், அதான் கியரைக் கவ்விப் பிடிக்கிற பல்லு, தேய்ஞ்சிருக்கு. கியரை மெதுவா தள்ளுற பழக்கம் இருக்கும், பல்லு உரசி உரசி முனை உருண்டுடும். ரேஸைக் குறைச்சு, டக்குனு போடணும்னு இங்க எத்தனை தடவை எழுதியிருக்கேன்.

மன்னார்_பெடியன்
டாக் தேஞ்சால் கியர் நிக்காமல் துள்ளி விழும் அண்ணை. இவர் அப்பிடிச் சொல்லேல்லையே. தம்பி, வலை சுத்தினதெண்டால் வெளியில தெரியிறதை மட்டும் அறுத்திருப்பியள். பிளக் வயரைக் கழட்டிப்போட்டு, கொட்டர் பின்னையும் நட்டையும் எடுத்து புரொப்பலரை இழுங்கோ. அதுக்குப் பின்னால ஷாஃப்டில தங்கூசி, வலையிட நைலோன் நூல், இறுகிக் கிடக்கும். ஷாஃப்ட் சுத்தச் சுத்த அது ஒயில் சீலுக்குள்ள வெட்டிக்கொண்டு போகும். சீல் வெட்டுப்பட்டால் எண்ணெய் வெளிய, உப்புத்தண்ணி உள்ள.

பிறகு கியர்பெட்டியின்ர கீழ் ஸ்குருவைக் கொஞ்சம் தளர்த்துங்கோ. நிண்ட மோட்டர் எண்டால் முதல் தண்ணிதான் வரும், அது எண்ணெயிலும் பாரம். எண்ணெய் வெள்ளையாக் கலங்கியிருந்தால் சீல் பழுதாப் போயிட்டுது. நியூட்ரலில விட்டு ஷாஃப்டைக் கையால சுத்தேக்க நறநற எண்டு விரலுக்குத் தெரிஞ்சால் பெயாரிங்கும்தான். முன் கியரில ஒரு பக்கம் சுத்தினால் டிக்டிக் எண்டு கேக்கும், அதுக்குப் பயப்பிட வேண்டாம்.

கரையோரம்
சீல் மட்டும் போயிருந்தா புது ஆயில் ஊத்தி காலைல ஒரு நடை போய் வந்துடலாமே, வலை பாவம்.

வாடைக்காத்து
சத்தம் வந்த பிறகா? போற வழியில பேரிங் இறுகி நின்னா யார் இழுத்துட்டு வர்றது? துடுப்பு கூட இல்லாம போற ஆளுங்கதான் இங்க பாதி.

கரையோரம்
நான் துடுப்பு வெச்சிருக்கேன்.

மூத்த_ஸ்ராங்கு
ஆயில் ஊத்துறவங்க கீழ் ஓட்டை வழியாத்தான் அழுத்தி ஏத்தணும், மேல் ஓட்டையில வழியற வரைக்கும். மேல் ஸ்குருவை முதல்ல மூடிட்டு அப்புறம் கீழ். மேலேர்ந்து ஊத்தினா காத்து அடைச்சு பாதி பெட்டி காலியாவே நிக்கும். 90 நம்பர் கியர் ஆயில், என்ஜின் ஆயில் இல்ல. ஸ்குருவுக்கு வாஷரும் புதுசு.

தொண்டிக்காரன்
கழட்டிட்டோம். ஆயில் பால் டீ மாதிரி வந்துச்சு. சீலுக்குள்ள ஒரு முடிச்சு தங்கூசி. கீழ் ஸ்குரு காந்தத்துல இரும்புத் தூள் அப்பியிருக்கு. மச்சான் படகுல போறோம்.

மன்னார்_பெடியன்
நல்லது. ரெண்டு சீல் இருக்கும், ரெண்டையும் மாத்துங்கோ. ஷாஃப்டில வரி விழுந்திருக்கோ எண்டும் தடவிப் பாருங்கோ, விழுந்திருந்தால் புதுச் சீலும் நிக்காது.

டேங்க்_மாமா
இந்த மோட்டார்ல சீல், சரி. மண்ணெண்ணெயால ஒண்ணும் ஆகாதுன்னு அங்க மேல ஒருத்தர் சொன்னாரே, அதுக்கு யாரும் பதில் சொல்லல.

நண்டுக்கூடை
எனக்கும் சத்தம், ஆனா நியூட்ரல்ல மட்டும், கியர் போட்டா போயிடுது. என்னவா இருக்கும்?

மூத்த_ஸ்ராங்கு
எத்தனை ஹெச்பி?