மாங்குளத்துக் குட்டிகளுக்கு வீடு வேண்டும்

உறவுகளே, மாங்குளத்தில் ஏ9 வீதியோரம் யாரோ உரப்பையில் கட்டிப் போட்டுவிட்டுப் போன ஐந்து நாய்க்குட்டிகள் எங்கள் வீட்டில் நிற்கின்றன. ஒன்று கடுவன், மற்றவை பெட்டை. பெட்டை என்பதாலேயே எறிந்திருக்கிறார்கள், மனம் பொறுக்கவில்லை. வளர்ந்ததும் மிருக வைத்தியரிடம் கருத்தடை செய்துவிட்டால் குட்டி போடும் என்ற பயமே இல்லை. வளவுக் காவலுக்கும் பெட்டை நாய் குறைந்ததல்ல.

பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. எடுப்பவர்கள் விசர்நாய்த் தடுப்பூசியை வருடாவருடம் போடவேண்டும். நாள்முழுக்கச் சங்கிலியில் கட்டிவைக்கக் கூடாது. மாரி வரப்போகிறது, நனையாமல் படுக்க ஒரு தாழ்வாரமாவது வேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, எங்கென்றாலும் நானே கொண்டுவந்து தருவேன். இரண்டைச் சேர்த்து எடுத்தால் இன்னும் சந்தோஷம். உங்களால் முடியாவிட்டால் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், உட்பெட்டியில் எழுதுங்கள்.