ரட்லண்ட் கவுண்டியா, மாவட்டமா? பதினொன்றாம் கேள்வியில் தொடங்கிய வழக்கு

வரைபடப்பித்தன்:
நேற்று இங்கே வெளியான வினாடி வினாவின் பதினொன்றாம் கேள்விக்கு, இங்கிலாந்தின் மிகச் சிறிய கவுண்டி ரட்லண்ட் என்று விடை தரப்பட்டிருக்கிறது. பத்தொன்பது பேர் அதற்குக் கைதட்டியும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் கவுண்டி என்பது பெரிய ஆட்சிப் பகுதி, டிஸ்ட்ரிக்ட் எனப்படும் மாவட்டம் வழக்கமாக அதற்குள் அடங்கும் சிறு பகுதி. ரட்லண்ட் கவுண்டி அன்று, மாவட்டம். அங்கே ஆட்சி நடத்தும் மன்றத்தின் முழுமையான சட்டப் பெயர் 'ரட்லண்ட் கவுண்டி கவுன்சில் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்' என்பதாகும். கவுன்சில் என்றால் மன்றம். அப்பெயரின் கடைசி இரண்டு சொற்களை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, அதன் பிறகு விடையைத் திருத்துமாறு தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வினாத்தொகுப்பாளர்:
ஐயா, தங்கள் மறுப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பெயர்ப்பலகையைச் சான்றாகக் கொண்டு வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. 1974 ஏப்ரல் 1 அன்று பக்கத்துக் கவுண்டியான லெஸ்டர்ஷயரோடு இணைக்கப்பட்டு, அதன் மாவட்டங்களுள் ஒன்றாக ரட்லண்ட் ஆனது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் 1996இல் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட அமைப்பு மாற்ற ஆணை, ரட்லண்ட் இனி லெஸ்டர்ஷயரின் பகுதியன்று என்றும், அந்தப் பரப்பே ரட்லண்ட் என்னும் புதிய கவுண்டியாக அமையும் என்றும் தெளிவாகக் கூறுகிறது. அது 1997 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 'கவுண்டி' என்ற சொல் ஆணையிலேயே இருக்கும்போது, விடையில் எதைத் திருத்த வேண்டும் என்று தாங்களே சொல்லுங்கள்.

வரைபடப்பித்தன்:
ஆணையைப் பாதி படித்தால் இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு கவுண்டி மன்றம் இருக்க வேண்டும் என்ற 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் விதி ரட்லண்டுக்குப் பொருந்தாது என்று அதே ஆணை விலக்கு அளிக்கிறது. கவுண்டி மன்றம் இல்லாமல், அதன் வேலைகள் யாவும் ஏற்கெனவே இருந்த மாவட்ட மன்றத்தின் கையில் கொடுக்கப்பட்டன. வேலையைச் செய்வது மாவட்ட மன்றம், வரி வாங்குவதும் மாவட்ட மன்றம். கடைசி இரண்டு சொற்களை மீண்டும் படிக்கவும்.

ஓக்கம்வாசி:
நான் ரட்லண்டின் தலைமை நகரான ஓக்கத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். இங்கே நுழையும் சாலைகளில் ரட்லண்டுக்கு நல்வரவு என்றுதான் பலகை இருக்கிறதேயன்றி, லெஸ்டர்ஷயரின் முன்னாள் மாவட்டத்துக்கு நல்வரவு என்று எவரும் எழுதி வைக்கவில்லை. 1974 முதல் 1997 வரை, வீட்டுக் குப்பையை அள்ளுவதும் கட்டட அனுமதி தருவதும் ஓக்கத்தில் இருந்த மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. சாலை, பள்ளி, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றை முடிவு செய்தவர்கள் லெஸ்டர் நகரை ஒட்டிய கிளென்ஃபீல்டில், ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு அப்பால் அமர்ந்திருந்தார்கள். அந்த இருபத்து மூன்று ஆண்டுகளைப் பற்றி இவ்வூர் முதியவர்கள் பேசும்போது, வீட்டை அடமானம் வைத்து மீட்டவர்கள் பேசுவதைப் போல இருக்கும். அவர்கள் எதிரே போய் 'மாவட்டம்' என்று சொல்லிப் பாருங்கள்.

வரைபடப்பித்தன்:
முதியவர்களின் மனக்குறை சட்டமாகாது. மேலும் உங்கள் மன்றம் 'கவுண்டி கவுன்சில்' என்று அழைத்துக்கொள்ள என்ன செய்தது என்பதையும் இங்கே எழுதுங்கள். மாவட்ட மன்றம் தன் மாவட்டத்தின் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே அவர்கள் மாவட்டத்தின் பெயரையே 'ரட்லண்ட் கவுண்டி கவுன்சில்' என்று மாற்றினார்கள். அதன் விளைவாக மன்றத்தின் பெயர், ரட்லண்ட் கவுண்டி கவுன்சில் என்னும் மாவட்டத்தின் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் என்று ஆயிற்று. மகனுக்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டு அவன் மருந்து எழுதித் தருவான் என்று காத்திருப்பது போன்றது இது.

கல்தச்சன்:
உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. பெர்க்‌ஷயரின் கவுண்டி மன்றம் 1998 ஏப்ரல் 1 அன்று ஒழிக்கப்பட்டது. அங்கே இன்று, கவுண்டி வேலையையும் மாவட்ட வேலையையும் சேர்த்தே செய்யும் ஆறு ஒற்றையடுக்கு மன்றங்கள் ஆட்சி நடத்துகின்றன. அதனால் பெர்க்‌ஷயர் கவுண்டி இல்லை என்று நண்பர் எழுதுவாரா? கவுண்டி மன்றம் வேறு, கவுண்டி வேறு. இந்த ஒரு வரியை ஏற்றுக்கொண்டால் விவாதம் முடிந்துவிடும். அதனால்தான் அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

வரைபடப்பித்தன்:
பெர்க்‌ஷயரில் உள்ள எந்த மன்றமும் தன்னைக் 'கவுண்டி கவுன்சில் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்' என்று அழைத்துக்கொள்ளவில்லை. நான் பேசுவது ரட்லண்டைப் பற்றி, அதன் பெயரின் கடைசி இரண்டு சொற்களைப் பற்றி.

நெய்தல்:
நீங்கள் அனைவரும் 'கவுண்டி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள். 'மிகச் சிறிய' என்ற சொல்லை ஒருவரும் தொடவில்லை. இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைட் தீவும் ஒரு கவுண்டிதான். இரண்டின் பரப்பும் 380 சதுர கிலோமீட்டரை ஒட்டியே வருகிறது. ஓதம் (கடலின் நீர்மட்டம்) ஏறும்போது தீவு சிறியது, ஓதம் வடிந்த பிறகு ரட்லண்ட் சிறியது என்று அந்நாட்டிலேயே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. எனவே விடை நேரத்துக்கு நேரம் மாறும் என்று வினாவில் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

வினாத்தொகுப்பாளர்:
நெய்தல் அம்மையாருக்குக் கடல் சம்பந்தப்பட்டது எதுவானாலும் உடனே வந்துவிட வேண்டும். ஓத அட்டவணையைப் பார்த்து வினாடி வினா நடத்தும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை.

நெய்தல்:
கேலி செய்யுமுன் சிறிது படித்திருக்கலாம். அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே ஒரே ஆட்சிப் பகுதிக்கு ஆட்சி எல்லை வரையிலான அளவு, உயர் ஓதக் கோடு வரையிலான அளவு, உள்நாட்டு நீர்ப்பரப்பின் அளவு என்று தனித்தனியே வெளியிடுகிறது. கடலே இல்லாத ரட்லண்டுக்கும் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குவாஷ் ஆற்றைத் தடுத்து 1970களில் கட்டிய ரட்லண்ட் வாட்டர் என்னும் மாபெரும் நீர்த்தேக்கம் அந்தச் சிறு நிலத்தின் நடுவில் கிடக்கிறது. அந்த நீரைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஓர் எண், விலக்கினால் இன்னோர் எண். எதை எடுத்துக்கொண்டு 'மிகச் சிறிய' என்றீர்கள்?

வரைபடப்பித்தன்:
ரட்லண்ட் வாட்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் ரட்லண்ட் வாட்டர்தான் என்று சென்ற மாதம் எழுதியவரும் இதே தொகுப்பாளர்தான். கொள்ளளவில் கீல்டர் நீர்த்தேக்கம் பெரியது என்று நான் காட்டிய பிறகும் திருத்தம் வெளியாகவில்லை. மிகப் பெரியது, மிகச் சிறியது ஆகிய இரண்டிலும் இவருக்கு ராசி இல்லை.

வினாத்தொகுப்பாளர்:
பரப்பில் ரட்லண்ட் வாட்டர்தான் பெரியது. நான் எழுதியதும் பரப்பைப் பற்றித்தான். தாங்கள் கொள்ளளவைக் கொண்டு வந்தீர்கள், நான் அன்றே பதில் சொன்னேன், தாங்கள் அன்றும் படிக்கவில்லை.

ஓக்கம்வாசி:
அந்த நீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையாவது தெரிந்துகொண்டு சண்டையிடுங்கள். நெதர் ஹாம்பிள்டன், மிடில் ஹாம்பிள்டன் என்ற இரண்டு சிற்றூர்களின் நிலம் மூழ்கியது. மேட்டில் இருந்த அப்பர் ஹாம்பிள்டன் மட்டும் மூன்று பக்கமும் நீர் சூழத் தப்பி நிற்கிறது. நார்மன்டன் தேவாலயத்தின் கீழ்ப்பாதியைக் கல்லும் மண்ணும் இட்டு நிரப்பி, மேல்பாதி கரையோரம் நிற்குமாறு காப்பாற்றினார்கள். நீரைப் பெறும் வீடுகளில் பெரும்பாலானவை ரட்லண்டுக்கு வெளியே இருக்கின்றன. நிலத்தைக் கொடுத்தது நாங்கள், அதே பத்தாண்டில் கவுண்டி என்ற பெயரைப் பறிகொடுத்ததும் நாங்கள். இப்போது அந்த ஏரியையும் பரப்பளவில் கழித்துவிடலாம் என்கிறார் நெய்தல் அம்மையார்.

நெய்தல்:
நான் கழிக்கச் சொல்லவில்லை, எதைச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். இரண்டும் ஒன்றன்று.

பழைய ஆசிரியர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். இந்தச் சண்டைக்குப் பாதிக் காரணம் நம் மொழிபெயர்ப்பு. கவுண்டிக்கும் டிஸ்ட்ரிக்டுக்கும் சேர்த்து 'மாவட்டம்' என்ற ஒரே சொல்லை நம் ஏடுகள் பயன்படுத்துகின்றன. நம் மாவட்டத்துக்கு ஆட்சியர் உண்டு, அவருக்குக் கீழே வட்டங்கள் உண்டு. இங்கிலாந்தின் டிஸ்ட்ரிக்ட் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தால் நடத்தப்படுவது. ரட்லண்டில் 27 உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கீழே பாரிஷ் என்னும் ஊர் மன்றங்கள் இருக்கின்றன. கவுண்டிக்குக் 'கோட்டம்' என்ற பழஞ்சொல்லை எடுத்தாளலாம் என்று முன்பே எழுதியிருந்தேன்.

கல்தச்சன்:
கோட்டம் என்றால் வருவாய்க் கோட்டமா, கோயிலா, மின்வாரியக் கோட்டமா என்று அடுத்த நூறு பதிவுகள் போகும். ஆசிரியர் ஐயா தயவு செய்து பொறுத்தருள வேண்டும்.

பழைய ஆசிரியர்:
பொறுத்தருளினேன். ஆனால் தாங்கள் முதல் பதிவில் 'பெர்க்‌ஷயர்' என்று எழுதியதும் தவறு. அந்நாட்டார் அதைப் 'பார்க்‌ஷர்' என்றே ஒலிக்கிறார்கள்.

வரைபடப்பித்தன்:
ஒலிப்பைப் பிறகு பார்க்கலாம். கவுண்டி என்று வாதிடுவோர் ஒரு கேள்விக்கு விடை சொல்லட்டும். ரட்லண்டின் காவல்துறை எது? லெஸ்டர்ஷயர் காவல்துறை. தீயணைப்புப் படை எது? லெஸ்டர்ஷயர் தீயணைப்புப் படை. ஏறத்தாழ 41,000 பேர் வாழும் இடம் தன் திருடனைத் தானே பிடிக்க முடியாது, தன் வைக்கோற்போரைத் தானே அணைக்க முடியாது, ஆனால் கவுண்டி என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கல்தச்சன்:
ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர், பக்கிங்காம்ஷயர், பெர்க்‌ஷயர் ஆகிய மூன்றுக்கும் தேம்ஸ் வேலி என்ற ஒரே காவல்துறைதான். (வேண்டுமென்றே அப்படியே எழுதினேன், ஆசிரியர் ஐயா.) மூன்றையும் அழித்துவிடுவோமா? 1997 முதல் ரட்லண்டுக்கு மன்னரின் பிரதிநிதியாகத் தனி லார்ட் லெப்டினன்ட் இருக்கிறார். அந்த ஆண்டின் லெப்டினன்சிச் சட்டத்தின்படி, ரட்லண்ட் ஒரு தனி லெப்டினன்சி, அதாவது அந்தப் பிரதிநிதிக்கு உரிய பகுதி. மாவட்டத்துக்கு லார்ட் லெப்டினன்ட் வைப்பதில்லை.

வரைபடப்பித்தன்:
அதே சட்டத்துக்குள் வந்தது நல்லதாயிற்று. லெப்டினன்சியைக் கொண்டு கவுண்டியை அளப்பதானால், லண்டனின் நடுவே உள்ள லண்டன் சிட்டி என்னும் சிறு பகுதி மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை, அதற்குத் தனி லெப்டினன்சி ஆணையம் இருக்கிறது. பிரிஸ்டல் 110 சதுர கிலோமீட்டர் அளவே உள்ளது, 1373இல் அரச சாசனத்தால் கவுண்டித் தகுதி பெற்ற நகரம் அது. அப்படியானால் பதினொன்றாம் கேள்வியின் விடை லண்டன் சிட்டி. லெப்டினன்சியை விட்டுவிட்டு மன்றத்தைக் கொண்டு அளப்பதானால், ரட்லண்ட் மாவட்டம். எந்த வழியில் போனாலும் விடை தவறு. கல்தச்சனே எனக்கு உளி எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

வினாத்தொகுப்பாளர்:
நகரங்களுக்குத் தந்த சலுகைத் தகுதியையும், 1086ஆம் ஆண்டு நிலக் கணக்கேட்டிலேயே 'ரோட்லண்ட்' என்று பெயர் பெற்ற ஒரு நிலத்தையும் ஒரே தட்டில் வைப்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. நான் குறிப்பிட்டது வரலாற்றுக் கவுண்டி. வரலாற்றுக் கவுண்டிகளில் ரட்லண்டே மிகச் சிறியது.

வரைபடப்பித்தன்:
வினாவில் 'வரலாற்று' என்ற சொல் இல்லை. இப்போது சேர்த்துக்கொள்கிறார். மேலும் அந்த நிலக் கணக்கேட்டில் ரட்லண்டின் ஒரு பகுதி நாட்டிங்காம்ஷயரோடு ஒட்டவைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதாவது தொடக்கத்திலும் ஒட்டு, 1974இலும் ஒட்டு. நடுவில் கிடைத்த தனிக்குடித்தனத்துக்குத்தான் இவ்வளவு பெருமை.

ஓக்கம்வாசி:
அந்தத் தனிக்குடித்தனம் எழுநூறு ஆண்டுகளுக்குக் குறையாதது என்பதை நண்பர் வசதியாக விட்டுவிட்டார். ஓக்கம் கோட்டை மண்டபத்துக்கு வாருங்கள். இவ்வூரின் வழியாக முதன்முறை செல்லும் ஒவ்வொரு பிரபுவும் ஒரு குதிரை லாடம் தர வேண்டும் என்பது பழைய வழக்கம். இருநூறுக்கும் மேற்பட்ட லாடங்கள் சுவரில் தலைகீழாகத் தொங்குகின்றன, அரசர்கள் தந்தவை உட்பட. மாவட்ட மன்றத்துக்கு எந்த அரசர் லாடம் கொடுத்தார்?

வரைபடப்பித்தன்:
2020 வரையில் ஒரு மெக்டொனால்ட்ஸ்கூட இல்லாத ஊரில் லாடத்தைத் தவிர வேறு எதைக் காட்டுவார்கள்?

ஓக்கம்வாசி:
அது குறை என்று யார் சொன்னது? இங்கிலாந்தில் அது இல்லாத கடைசிக் கவுண்டி ரட்லண்ட் என்றுதான் அப்போது செய்தித்தாள்கள் எழுதின. கவுண்டி என்று எழுதின, கவனிக்கவும்.

கல்தச்சன்:
இந்தச் சண்டை நடக்கும் வேளையில் அடித்தளமே ஆடிக்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பரில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, புதிய ஒற்றையடுக்கு மன்றங்களுக்கு 5,00,000 மக்கள்தொகை வேண்டும் என்ற அளவுகோலைச் சொல்கிறது. ரட்லண்ட் அதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த ஆண்டு மறுசீரமைப்புக்கான அழைப்பு அனுப்பப்பட்ட பகுதிகளில் ரட்லண்டும் இருந்தது. மீண்டும் லெஸ்டர்ஷயர் நிலத்தோடு சேர்த்து ஒரு மன்றம் அமைந்தால் ஓக்கம்வாசி என்ன செய்வார் என்பதைப் பேசுவது பயனுள்ளதாக இருக்கும்.

ஓக்கம்வாசி:
மன்றம் போனாலும் கவுண்டி போகாது. நீங்கள்தானே பெர்க்‌ஷயரைக் காட்டி அதைச் சொன்னீர்கள்.

வரைபடப்பித்தன்:
மன்றம் போகும் என்று ஒப்புக்கொண்டமைக்கு நன்றி. போகப்போவது மாவட்ட மன்றம் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொண்டால் நன்றாக இருக்கும்.

ஓக்கம்வாசி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 'போனாலும்' என்பதற்கும் 'போகும்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பழைய ஆசிரியர் விளக்கட்டும்.

பழைய ஆசிரியர்:
விளக்குகிறேன். அதற்கு முன், மூன்று நாளாக ஒருவரும் கவனிக்காத ஒன்று. தலைப்பில் உள்ள 'ரட்லண்ட்' என்பதன் இறுதியில் மெய் நிற்பது தமிழ் மரபன்று, 'ரட்லண்டு' என்றே எழுத வேண்டும்.

வினாத்தொகுப்பாளர்:
பன்னிரண்டாம் கேள்விக்கான விடை நாளை காலை வெளியாகும். பதினொன்றாம் விடையில் எந்தத் திருத்தமும் இல்லை.

வரைபடப்பித்தன்:
எட்டாவது முறையாக எழுதுகிறேன்: ரட்லண்டு கவுண்டி கவுன்சில் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். ஆசிரியருக்காக உகரம் சேர்த்திருக்கிறேன், கடைசி இரண்டு சொற்களில் கை வைக்கவில்லை.