லாரி முன் சக்கர அலைன்மென்ட்: ஷெட்டுக்குத்தான் போகணுமா, களத்துலேயே பார்க்கலாமா?

வாலாஜா ஆறுசக்கரம்:
வண்டி ரெண்டு ஆக்சில், முன்னாடி 10.00 ஆர் 20 ரேடியல். ரெண்டு முன் டயரிலும் வெளி ஓரம் சீக்கிரம் தேயுது. கையை வெளியிலிருந்து உள்ளே தடவினா வழவழன்னு போகுது, உள்ளேயிருந்து வெளியே இழுத்தா ரம்பம் மாதிரி பிடிக்குது. டேப்பு வெச்சு வீட்டுலேயே சரி பண்ணலாமா, லேசர் ஷெட்டுக்குத்தான் விடணுமா?

குடியாத்தம் ஸ்பேனர்:
நீங்க சொல்ற தேய்மானம் டோ-இன் (ரெண்டு சக்கரமும் முன்பக்கம் உள்ளே திரும்பி நிக்கறது) அதிகமா இருக்கறதுக்கான அடையாளம். தாராளமா வீட்டுல பண்ணலாம். முன்னாடி இருக்கறது ஒரே பீம் ஆக்சில். கேம்பர், அதாவது சக்கரத்தோட மேல்-கீழ் சாய்வு, அந்த இரும்பிலேயே அமைஞ்சது, திருப்ப அதுல எதுவும் கிடையாது. ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற டை ராடை வெச்சு மாத்தக்கூடியது டோ ஒண்ணுதான். அதுக்கு இன்னாத்துக்கு ஷெட்டு?

காட்பாடி கிங்பின்:
"டோ ஒண்ணுதான்"னு சொல்ற இடத்துலதான் டயர் போகுது. கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்புற அச்சு ஆணி) புஷ் ஆடினா, ஹப் பேரிங் லூஸா இருந்தா, நீங்க எடுக்கிற அளவு ஒவ்வொரு தடவையும் வேற வேற வரும். முதல்ல ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டுல உட்கார வைங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில கை விடாதீங்க. டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா, ஏர் டேங்க் நிரம்பியிருக்கும்போது ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா பேரிங், நிக்கலைன்னா கிங்பின். டை ராடு எண்டுக்கு வேற சோதனை. வண்டியை இறக்கி, சக்கரம் தரையில நிக்கும்போது ஸ்டியரிங்கை லேசா இடது வலது அசைக்கச் சொல்லி மூட்டு மேல கை வைங்க, தேய்ஞ்சிருந்தா கையிலேயே தெரியும். இதையெல்லாம் முடிக்காம டை ராடு கிளாம்பைத் தொடவே கூடாது.

குடியாத்தம் ஸ்பேனர்:
அதுல எனக்கு மறுப்பே இல்லை அண்ணா. ஆனா அந்தச் சோதனைக்கு லேசர் வேண்டாமே! அளக்கிற விதத்தைச் சொல்றேன். சிமெண்ட் களம் நல்லது, மட்டத்தைக் கொத்தனார் டியூப்ல பார்த்துக்கலாம். காலி வண்டி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி காத்து ரெண்டு பக்கமும் ஒரே அளவு. வேலூர் வெயில்ல ஒரு பக்க டயர் மட்டும் காய்ஞ்சா அந்தப் பக்கம் காத்தழுத்தம் ஏறி அளவு கெடும். முன் சக்கரத்தைத் தூக்கி டிரெட் (டயர் தரையைத் தொடுற பட்டை) நடுவுல சாக்பீஸ் பூசி, ஆணியை ஒரு கட்டையில அசையாம வெச்சு, சக்கரத்தைச் சுத்தி முழு வட்டமா கோடு போடுங்க. ரெண்டு டயருக்கும். ரிம் கோணல் இருந்தாலும் கோடு நேராத்தான் விழும்.

இறக்கினதும் ஸ்டியரிங்கை நேரா வெச்சு மூணு நாலு மீட்டர் முன்னாடி உருட்டி நிறுத்துங்க, இறக்கின உடனே அளந்தா டயர் விறைச்சு நிக்கும். ஹப் உயரத்துல முன்பக்கக் கோட்டுக்குக் கோடு அளவு எடுங்க. அந்த இடத்துல இன்ஜின் சம்ப்பும் ஆக்சிலும் குறுக்கே நிக்கும், டேப் நேரா போகாது. ஒரு நீள இரும்புப் பைப்புல ரெண்டு முள்ளை நட்டு நிறுத்தி டிராமல் செஞ்சுக்குங்க. அப்புறம் அரைச் சுற்று முன்னாடி உருட்டி, அதே இடம் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளங்க. பின்னாடி இழுத்தா மூட்டுல இருக்கிற ஆட்டம் எதிர்ப்பக்கம் திரும்பிடும், முன்னாடிதான் உருட்டணும். பின் அளவுல முன் அளவைக் கழிச்சா டோ-இன். மூணு தடவை எடுங்க. மூணும் 1 மி.மீ.க்குள்ள வரலைன்னா டை ராடைத் தொடாதீங்க.

காட்பாடி கிங்பின்:
முறை சரி. ஆனா எத்தனை மி.மீ. வைக்கப் போறீங்க? நைலான் டயர் காலத்துல 3 மி.மீ. வெச்சுப் பழகின கை ரேடியலுக்கும் அதையே வைக்குது. ரேடியலுக்கு அநேகமா 0 முதல் 2 மி.மீ. வரைதான், வண்டி கம்பெனி புத்தகத்துல இருக்கிறதே கடைசி. 1050 மி.மீ. டயர் விட்டத்துல 3 மி.மீ. தப்புன்னா ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு 1.4 மீட்டர் பக்கவாட்டுல உரசிட்டுப் போகும். பத்தாயிரம் கி.மீ. ஓடினா 14 கி.மீ. தூரத்துக்கு ரப்பரைத் தேய்ச்ச கணக்கு. அந்த 2 மி.மீ.க்குள்ள கைப்பைப்பால நிக்க முடியும்னு நான் நம்பலை.

குடியாத்தம் ஸ்பேனர்:
நிக்க முடியும், திருப்புறதுல நிதானம் இருந்தா. ராடுல ஒரு முனை இடமரை, ஒரு முனை வலமரை. மரைக்கு மரை இடைவெளி (பிட்ச்) 1.5 மி.மீ.ன்னா ஒரு முழுச் சுத்துக்கு ராடு 3 மி.மீ. நீளும். டை ராடு மாட்டியிருக்கிற ஸ்டியரிங் ஆர்ம் சுமார் 200 மி.மீ., டயர் 1050. அதனால ராடுல 1 மி.மீ. மாறினா டயர்ல 5 மி.மீ. மாறும். கால் சுத்துக்கே சுமார் 4 மி.மீ. போயிடும்! இது தெரியாம ஒரு சுத்து திருப்பிட்டு "டேப்பு சரியில்லை"ன்னு சொல்றாங்க. அரைக்கால் சுத்து, உருட்டு, அளவு எடு. ராடு ஆக்சிலுக்குப் பின்னாடி இருந்தா நீட்ட நீட்ட டோ-இன் கூடும், வாலாஜா தம்பி உங்களுக்குக் குறைக்கணும். திருப்பும்போது டயர் தரையைப் பிடிக்காம இருக்க, ஒவ்வொரு டயருக்கு அடியிலயும் ரெண்டு தகட்டுக்கு நடுவுல கிரீஸ் தடவி வைங்க.

வாலாஜா ஆறுசக்கரம்:
திருப்பினதும் ஸ்டியரிங் கோணலாச்சுன்னா?

குடியாத்தம் ஸ்பேனர்:
கொஞ்சம் ஆகும். ஸ்டியரிங் பாக்ஸ்லேர்ந்து வர்ற டிராக் லிங்க் ஒரு சக்கரத்தைப் பிடிச்சிருக்கும், டை ராடு மாறினா இன்னொண்ணுதான் நகரும். நடுவுக்குக் கொண்டுவர டிராக் லிங்க் நீளத்தை மாத்துங்க. ஸ்டியரிங் வீலைக் கழட்டி மாட்டாதீங்க, பாக்ஸ் நடுப்பல் இடம் மாறிடும்.

காட்பாடி கிங்பின்:
முன்னாடியே இவ்வளவு பேசறோம், பின் ஆக்சில்? ஸ்பிரிங்கோட சென்டர் போல்ட் முறிஞ்சோ யூ போல்ட் தளர்ந்தோ ஆக்சில் நகர்ந்திருந்தா வண்டி நண்டு மாதிரி கோணலாத்தான் போகும். டோ எவ்வளவு சுத்தமா வெச்சாலும் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் பிடிச்சேதான் ஓட்டணும். அதை எந்த டேப்பு காட்டும்?

குடியாத்தம் ஸ்பேனர்:
தூக்குக் குண்டு காட்டும். முன் சக்கரம் நேரா இருக்க, நாலு பக்க ஹப் நடுவுலேர்ந்தும் குண்டு விட்டுக் களத்துல புள்ளி வைங்க. ரெண்டு பக்கமும் முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் நீளம் எடுத்து, குறுக்கு அளவும் பாருங்க. சில மி.மீ.க்கு மேல பேதம் வந்தா முதல் வேலை பின் ஸ்பிரிங்லதான், டை ராடுல இல்லை.

காட்பாடி கிங்பின்:
அந்த நிலைமை வந்தா ஷெட்டுக்கு விடறதுதான் நல்லதுன்னு இன்னமும் சொல்றேன். பன்னிரண்டு சக்கரத்துல முன்னாடி ரெண்டு ஆக்சிலும் திரும்பும், ரெண்டையும் இணைக்கிற ராடு ஒத்துவரலைன்னா நாலு டயரும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும். அங்க களம் வேண்டவே வேண்டாம்.

குடியாத்தம் ஸ்பேனர்:
பன்னிரண்டு சக்கரத்துக்கு நானும் சொல்ல மாட்டேன்.

வாலாஜா ஆறுசக்கரம்:
பெங்களூரு ரோட்டுல வண்டி லேசா இடதுக்கு இழுக்குது, அதுவும் டோதானா?

காட்பாடி கிங்பின்:
ரோடே இடதுக்குச் சரிவா போட்டிருக்கும், கொஞ்சம் இழுக்கறது இயல்பு. அதிகமா இழுத்தா காத்தைப் பாருங்க, பிரேக் டிரம் ஒரு பக்கம் மட்டும் சூடாகுதான்னு பாருங்க. அப்புறம் முன் டயர் ரெண்டையும் இடம் மாத்துங்க. இழுப்பு வலதுக்குப் போனா குற்றம் டயர்ல. போகலைன்னா ஸ்பிரிங் லீஃப் கட்டும், அதுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல இருக்கிற ஆப்பும் பார்க்கணும்.

குடியாத்தம் ஸ்பேனர்:
டோ வெச்சு முடிச்சதும் கிளாம்பு புத்தகத்துல சொன்னபடி நிக்குதான்னு பார்த்து, அதுல இருக்கிற டார்க்குல (முறுக்கு அளவுல) இறுக்குங்க. இறுக்கும்போதே எண்டு சாயும், அதனால மறுபடி உருட்டி அளங்க. அந்த அளவைத் தேதியோட கேபின் கதவு உள்பக்கம் பெயிண்ட்ல எழுதிடுங்க. ஆயிரம் கி.மீ. கழிச்சு டிரெட்டைத் தடவிட்டு அதே டிராமலால திரும்ப அளங்க.