உயரமான கட்டடத்தின் அடியில் மட்டும் காற்று ஏன் இப்படி அடிக்கிறது?

கேள்வி:
நான் தினமும் நடக்கும் வழியில் புதிதாக ஓர் உயர்ந்த கட்டடம் வந்திருக்கிறது. அதன் மூலையில் திரும்பினால் குடை நிற்பதில்லை. கொஞ்சம் தள்ளிப் போனால் இலைகூட அசைவதில்லை. காற்றைத் தடுக்க வேண்டிய சுவர் எப்படி அதைக் கூட்டுகிறது?

பதில் 1:
தரையைவிட உயரத்தில் காற்றுக்கு வேகம் அதிகம். அகலமான தட்டைச் சுவரில் மோதும்போது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்குக் கீழே உள்ள காற்று சுவரோடு தெருவுக்கு இறங்குகிறது. முன்பக்கம் அழுத்தம் கூடுதல், பின்பக்கம் குறைவு. அதனால் இறங்கிய காற்று மூலையைச் சுற்றிப் பாய்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்கு! எல்லாக் கட்டடமும் ஒரே உயரத்தில் இருந்தால் காற்று பெரும்பாலும் கூரைகளுக்கு மேலேயே போய்விடும். அக்கம்பக்கத்தை மிஞ்சி ஒன்று எழும்பும்போதுதான் தொல்லை.

பதில் 2:
தொல்லை என்பது சின்னச் சொல். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் கோபுரத்தின் அருகே 2011இல் காற்றில் லாரி கவிழ்ந்து, நடந்து போனவர் இறந்தார். பிறகுதான் காற்றுத் தடுப்புகள் வைத்தார்கள். வரைபடத்திலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயம் இது.

கேள்வி கேட்டவர்:
சரி, கட்டி முடித்த பிறகு என்ன செய்யலாம்?

பதில் 1:
வாசலுக்கு மேல் அகலமான விதானம், மூலையில் துளையிட்ட தடுப்புகள். மரங்களும் உதவும், ஆனால் இலையுதிர்ந்தால் பயன் குறையும். முன்கூட்டியே என்றால் மேல்பகுதியைவிட அகலமான கீழ்மாடிகள், மழுங்கிய மூலைகள். அப்புறம், கட்டடத்தின் சிறிய மாதிரியின் மேல் காற்றை வீசிப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனையின் அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள்.